பசளை கிடைக்காத தேயிலைக்குள் என்ன நடக்கிறது? நிறம் தீட்டிக் காட்டும் மென்பொருள்கள்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. சம்பளம் கூடியதும் பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் கூட்டப்பட்டது. மலையில் கொழுந்து இருந்தால்தானே பறிக்கலாம்? நவம்பரில் தடை விலக்கப்பட்ட பின்னரும் பசளை விலை எட்டாத உயரத்திலேயே நின்றது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கிலோ வராத நாளுக்கு அரைப் பேர் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

செடிக்குள் நடந்ததை மட்டும் கொஞ்சம் விளக்கலாம். தேயிலையின் வேர் மண்ணிலிருந்து எடுக்கும் நைதரசனைக் கொண்டு தியனின் என்ற பொருளை உண்டாக்கி மேலே கொழுந்துக்கு அனுப்புகிறது. புரதம், பச்சையம், கஃபீன் எல்லாவற்றுக்கும் நைதரசன் வேண்டும். அது குறைந்தால் துளிர் மெதுவாகும். நைதரசன் தேவைப்படாத கற்றெக்கின் வகைகளின் பக்கம், அதாவது தேநீரின் துவர்ப்பைத் தரும் பொருட்களின் பக்கம், செடி தன் காபனைக் கூடுதலாகத் திருப்பிவிடுகிறது. இந்த மாற்றத்தை ஆய்வாளர்கள் கண்ணால் பார்க்கும்படி செய்துகொடுப்பவைதான் இக்கட்டுரையில் சொல்லப்போகும் மென்பொருள்கள்.

ஒரு மரபணு வேலை செய்யும்போது (பாடசாலைப் புத்தகத்தில் இதையே பரம்பரையலகு என்று படித்திருப்போம்) கலத்துக்குள் அதன் ஆர்.என்.ஏ. நகல்கள் உண்டாகின்றன. நகல்களை எண்ணினால் எந்த மரபணு சுறுசுறுப்பாக இருக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று தெரியும். 2017இல் சீனாவின் குன்மிங் தாவரவியல் நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் அசாம் வகைத் தேயிலையின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டார்கள். அதில் 36,951 மரபணுக்கள். பசளை போட்ட செடி, போடாத செடி இரண்டையும் ஒப்பிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 37,000 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. அதை மேலிருந்து கீழ்வரை வாசித்து எந்த மனிதருக்கும் ஒன்றும் விளங்காது.

அதனால் அட்டவணையை ஒரு வரைபடத்தின் மேல் ஏற்றுகிறார்கள். செடிக்குள் ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும் வழி அம்புக்குறிகளால் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்யும் நொதியம் ஒரு பெட்டி. அந்த நொதியத்துக்கான மரபணு கூடுதலாக வேலை செய்தால் பெட்டிக்குச் சிவப்பு, குறைந்தால் நீலம். கற்றெக்கின் போகும் வழி முழுக்கச் சிவந்தும், நைதரசன் வழி நீலமாகியும் இருந்தால் கதை ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

இப்படிப்பட்ட வரைபடங்களின் பெரிய களஞ்சியம் கெக். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனெஹிசா 1995இல் தொடங்கியது. வரைபடத்தின் மேல் தரவை ஏற்றும் வேலைக்கென்றே அமெரிக்காவின் கிளாட்ஸ்டன் நிறுவகம் ஜென்மேப் என்ற மென்பொருளைச் செய்தது. அது பற்றிய ஆய்வுக்கட்டுரை 2002இல் வந்தது. 2008இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து பாத்விசியோ வந்தது. அதே ஆண்டில் வந்த விக்கிபாத்வேஸ், யாரும் வரைபடத்தைத் திருத்தக்கூடிய பொதுத் தளம். தாவரங்களுக்கு மிகவும் பொருத்தமானது 2004இல் ஜெர்மனியின் கோல்மில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவகத்தில் உருவான மேப்மேன். அது முதலில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றுக்காகச் செய்யப்பட்டது. தேயிலை போன்ற வேறு செடியென்றால் ஒவ்வொரு மரபணுவும் எந்த வேலைப் பிரிவில் சேரும் என்று முதலில் வகைப்படுத்த வேண்டும். அதற்கு மெர்கேட்டர் என்ற துணைக்கருவி இருக்கிறது.

நாட்களைத் தின்னும் வேலை நிறம் தீட்டுவதல்ல, பெயர் பொருத்துவதுதான். ஒரே மரபணுவுக்கு ஒரு தரவுத்தளத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். பெயர் பொருந்தாவிட்டால் பெட்டி சாம்பல் நிறத்திலேயே இருக்கும். பார்ப்பவரோ அங்கே மாற்றமே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

படம் அழகாக இருப்பதாலேயே அதை அதிகம் நம்பிவிடும் ஆபத்தும் உண்டு. சிவப்புப் பெட்டி, ஆர்.என்.ஏ. கூடியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. நொதியம் கூடியதா, கற்றெக்கின் கூடியதா என்பதை இரசாயனப் பரிசோதனையில் தனியாக அளக்க வேண்டும். தேயிலையில் ஒரே வகை மரபணுவுக்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று கூடி இன்னொன்று குறைந்திருந்தாலும், சராசரி எடுத்து நிறம் தீட்டினால் பெட்டி வெளிறிப்போகும். எல்லாச் செடிகளுக்கும் பொதுவாக வரைந்த படத்தில் தேயிலைக்கே உரிய வழிகள் முழுமையாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. தியனின் போன்ற ஒன்றுக்குப் பாத்விசியோவில் நாமே வரைந்துகொள்ளலாம். இன்னொன்று, பழைய படங்களில் சிவப்பும் பச்சையும்தான் வழக்கம். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பது வரைந்தவர்களுக்கு நெடுநாளாக உறைக்கவில்லை.

இரத்தினபுரி ஹிதெல்லனவில், சென் ஜோக்கிம் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தாழ்நாட்டுப் பிராந்திய நிலையம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நாட்டுத் தேயிலைதான் நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல். வரட்சி அதிகம் வாட்டுவதும் அதையே. வரட்சியைத் தாங்கும் ரகம், குறைந்த பசளையில் துளிர்க்கும் ரகம் என்று தேடும்போது இத்தகைய படங்கள் தேடலைச் சுருக்குகின்றன. ஆனால் படத்தை மட்டும் வைத்து ரகம் தெரிய முடியாது. நட்ட செடி பல பத்தாண்டுகள் மலையில் நிற்கும். பிழையான தெரிவின் சுமை இரண்டு தலைமுறை கொழுந்து பறிப்பவர்களின் நிறுவையில் விழும். எனவே வயலில் வைத்துப் பார்க்கும் ஆண்டுக்கணக்கான சோதனைக்கு மாற்று இல்லை.

செலவு மாதிரி எடுப்பதில்தான். பறித்த இலையில் ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும் என்பதால் அந்த இடத்திலேயே திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருட்களே ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்க இடைஞ்சலாகவும் இருக்கின்றன. ஆனால் ஏனைய நாடுகளில் எடுத்த தேயிலைத் தரவுகள் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. பாத்விசியோவும் இலவசம். சாதாரண மடிக்கணினி அதற்குப் போதும்.

மடிக்கணினி முன்னால் யார் உட்காருவார் என்பது வேறு விடயம். சப்ரகமுவ தோட்டப்புறங்களில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்க வசதி போதாது என்பது நெடுநாள் குறை. பெலிஹுல்ஓயாவில் விவசாய பீடம் உள்ள பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1977, 1981 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அருகில் இருக்கிறது. கொழுந்தைத் தொட்டறிந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் படத்தின் பாதி முன்பே தெரியும்.

தொடங்க விரும்புபவருக்கு மூன்று நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும்: மரபணுவின் அடையாள எண், மாற்றத்தின் அளவு, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் அவ்வளவு மாற்றம் தற்செயலாகத் தென்படக்கூடிய நிகழ்தகவு. இரண்டாவது நிரல் வழக்கமாக இரண்டின் மடக்கையில் இருக்கும். 1 என்றால் இரட்டிப்பு, -1 என்றால் பாதி. நிற அளவுகோலை -2 முதல் 2 வரை வைத்தால் படம் நிதானமாகப் பேசும். -0.5 முதல் 0.5 வரை வைத்தால் சின்ன மாற்றமும் தீப்பிடித்ததுபோல் சிவக்கும். பிறர் காட்டும் படமென்றால் முதலில் அந்த அளவுகோலைத் தேடிப் பாருங்கள்.