பரணிலிருந்து இறங்கிய இராட்டை

நாட்டிற்கு இராட்டையை அளித்த காந்தியடிகள் இளமையிலேயே நூற்கப் பயின்றவர் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. 1915-இல் தாயகம் திரும்பியபோதும் அவர் இராட்டையைக் கண்டவரல்லர். கங்காபென் மஜ்முதார் என்னும் அம்மையார் தேடியலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், வீட்டுப் பரண்களிற் கிடந்த இராட்டைகளைக் கண்டறிந்தார். பின்னர், பம்பாய் மணிபவனத்தில் உடல்நலங் குன்றியிருந்த நாளில், ஐம்பதையொட்டிய அகவையில், அடிகள் மாணாக்கராய் அமர்ந்தார்.

வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பஞ்சுத்திரியை இழுத்தல் வேண்டும். முறுக்கு மிகின் இழை சுருளும், குறையின் அறும். அற்றதை இணைத்து மீண்டும் நூற்பதே பயிற்சி.

தொலைவில் வாழும் நம் இல்லங்களில் தாய்மொழி பரணேறிவிடலாகாது. பிள்ளைகளோடு நாமும் மாணாக்கராய் அமர்வோமாக!