மூசைக்குப் போன கல்

கிராஃபைட் என்றால் நமக்குப் பென்சில். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கையிலிருந்து கப்பலேறிய கிராஃபைட்டைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் உலோகம் உருக்குகிறவர்கள். கரியணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் விரல் பட்டாலே வழுக்கி ஒட்டிக்கொள்ளும் இந்த மெத்தென்ற கல், காற்றுப் படாவிட்டால் 3,000 டிகிரி செல்சியஸிலும் உருகாது. சூட்டைச் சட்டென்று கடத்தும். சூடேற்றி ஆறவைத்தால் எளிதில் விரிசல் விடாது. உருகிய பித்தளை அதில் ஒட்டாது. காற்றில் எரிந்துபோவதுதான் குறை. களிமண்ணோடு பிசைந்து மூசையாக, அதாவது உலோகம் உருக்கும் கலமாகச் சுட்டால் அதுவும் பெருமளவு தீரும். லண்டன் பாட்டர்சீயில் 1856-ல் மார்கன் சகோதரர்கள் தொடங்கிய மூசைத் தொழிற்சாலையும், ஜெர்சி சிட்டியின் டிக்சன் கம்பெனியும் இலங்கைச் சரக்கைத் தேடியது இதனால்தான்.

அந்தச் சரக்கு கிடைத்த விதம்தான் இலங்கை அரசியலையே ஓரளவு தீர்மானித்தது என்பது என் எண்ணம். பிற நாடுகளில் கிராஃபைட் பெரும்பாலும் பாறையில் செதில்களாகக் கலந்திருக்கும். நொறுக்கி, அரித்துப் பிரிக்க இயந்திரமும் பெரிய முதலும் வேண்டும். இலங்கையிலோ அது பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடுகிறது. நல்ல நரம்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கரிதான். நரம்பு போகும் வழியே கிணறுபோல் குழி இறக்கி, ஏணி கட்டி, கையால் சுற்றும் உருளையில் வாளி ஏற்றினால் போதும். அன்று கொழும்புக் கொட்டகைகளில் பெண்கள் சிறு கோடரியால் ஒட்டிய வெள்ளைக்கல்லைத் தட்டி நீக்கிக் கட்டி, சில்லு, தூள் எனத் தரம் பிரிப்பார்கள். பிறகு பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். காப்பிக்கும் தேயிலைக்கும் ஆங்கிலேய முதலும், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகளும் தேவைப்பட்டன. கிராஃபைட்டுக்கோ உள்ளூர்ச் சிங்கள முதலாளியே போதும். டான் ஸ்பேட்டர் சேனநாயக்க, கஹட்டகஹ சுரங்கத்தை வைத்திருந்த அட்டிகலே குடும்பம் போன்றோர் அப்படித்தான் செழித்தார்கள். சுதந்திர இலங்கையின் முதல் மூன்று பிரதமர்களான டி.எஸ். சேனநாயக்க, டட்லி சேனநாயக்க, ஜான் கொத்தலாவல மூவருமே இந்தக் குடும்பங்களின் வாரிசுகள்.

இவர்களின் செல்வத்துக்குச் சாராயக் குத்தகையும் தென்னந்தோப்பும்தானே மூலம் என்று கேட்கலாம். பலருக்கு முதல் அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் சாராயக் குத்தகை அரசின் தயவில் நடந்த ஏலம். சந்தையும் உள்ளூர்ச் சந்தை. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியை எதிர்பார்க்காமல் உலகச் சந்தையில் விற்க முடிந்த சரக்கு கிராஃபைட். விலையை லண்டனும் நியூயார்க்கும்தானே தீர்மானித்தன என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் உலகப்போரில் ஆயுத ஆலைகள் மூசை கேட்டபோது விலை ஏறி, 1916-ல் ஏற்றுமதி 30,000 டன்னைத் தாண்டியது. போர் ஓய்ந்ததும் சரிந்தது. மடகாஸ்கரின் மலிவான செதில் கிராஃபைட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குழிக்குள் இறங்கியவனுக்கு ஏற்றத்தில் கிடைத்தது கொஞ்சம், இறக்கத்தில் கிடைத்தது வேலையிழப்பு. முதலாளிகளோ அதற்குள் லாபத்தை நிலமாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, சரிவு சுரங்கத்தைத்தான் தாக்கியது. அந்தக் குடும்பங்களின் அரசியல் செல்வாக்கைத் தொடவில்லை. பெரிய சுரங்கங்களை அரசு கையில் எடுத்தது 1970-களில்தான். அதற்குள் அந்த மூன்று பிரதமர்களின் ஆட்சிக்காலமும் முடிந்திருந்தது.