புரசைவாக்கத்துப் பள்ளியும் மால்குடிப் பள்ளியும்

ஆவடியில் மின்சார இரயில் ஏறிச் சென்ட்ரல் செல்வோர் அறிந்த தண்டவாளம் இது. சென்ட்ரலில் புறப்பட்டு ஆவடி, அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் இந்தப் பாதையில், முதல் உலகப் போர்க் காலத்தில், கோடை விடுமுறைதோறும் பயணம் செய்த சிறுவன் ஒருவன் இருந்தான். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த அவன், மைசூர் இராஜ்ஜியத்தில் தலைமையாசிரியராயிருந்த தந்தையையும் தாயையும் உடன்பிறந்தாரையும் காண விடுமுறை வரைக்கும் காத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் அதே பாதையில் திரும்பி வரவேண்டும். வீடு இரண்டாகவும் அவற்றினிடையே ஓர் இரயிலுமாக அமைந்த இளமை அது. பின்னாளில் அவன் கதை எழுத அமர்ந்தபோது மனத்தில் முதலில் எழுந்து நின்றது ஓர் இரயில் நிலையம் என்பதில் வியப்பில்லை. அந்நிலையத்தின் பெயர் மால்குடி. எழுதியவர் ஆர்.கே. நாராயண்.

1906 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்த நாராயண் தம் பள்ளிப் பருவத்தை 1974இல் வெளிவந்த 'மை டேஸ்' என்னும் தன்வரலாற்றில் விரிவாகவே எழுதியிருக்கிறார். மயில் ஒன்றும் குரங்கு ஒன்றும் துணையாக, புழுதி படிந்த விளையாட்டுகளோடு தொடங்குகிறது அந்நூல். பகலில் பள்ளி, மாலையில் பாட்டி. பெருக்கல் வாய்பாடும் சுலோகமும் இராகங்களை இனங்காணும் பயிற்சியும் பாட்டியிடம் பெற்றவை. பள்ளியில் கற்றதைவிட அந்த மாலைகளில் கற்றதே அவரிடம் நிலைத்தது என்று கருத இடமுண்டு.

அவ்வீட்டில் தமிழும் இருந்தது. அதுவும் சாதாரணத் தமிழன்று. அவருடைய தாய்மாமன் டி.என். சேஷாசலம் 'கலாநிலயம்' என்னும் இலக்கிய இதழை நடத்திய தமிழறிஞர், கம்பனில் தோய்ந்தவர். ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிய ஒருவரைத் தமிழ் இலக்கிய வட்டமொன்று ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்போருக்கு இந்த மாமனைச் சுட்டிக்காட்டலாம். தம் மறைவுக்கு முன் கம்பராமாயணத்தைக் கற்கும்படி மருமகனிடம் வேண்டிக்கொண்டவர் அவர். நாராயண் அக்கடனைத் தீர்க்கப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டார். 1972இல் கம்பனை அடியொற்றி ஆங்கிலத்தில் எழுதிய இராமாயணத்தை அந்த மாமனின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

பள்ளி வேறு உலகம். புரசைவாக்கத்து லூத்தரன் மிஷன் பள்ளியில் அவர் சிறுபான்மையினருள் ஒருவர். வேதபாட வகுப்பில் இந்துக் கடவுளர் எள்ளி நகையாடப்பட்டதையும், குடுமி வைத்த பிராமணச் சிறுவனாகத் தாம் அங்கே தனித்து நின்றதையும் தன்வரலாற்றில் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவருடைய குரலில் வசை இல்லை. அடிபட்ட இடத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் தடவிப் பார்த்துச் சிரிக்கும் முதியவரின் குரல் அது.

இதே வகுப்பு 1935இல் வெளிவந்த 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. மால்குடி ஆல்பர்ட் மிஷன் பள்ளியின் வேதபாட ஆசிரியர் எபநேசர் கண்ணனைப் பழிக்கிறார், சுவாமிநாதன் எழுந்து கிறிஸ்துவைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்கிறான், காது திருகப்படுகிறது. இதுவரை அனுபவம். இதற்குமேல் கதை செய்வதுதான் நம் கவனத்துக்குரியது. சுவாமியின் தந்தை தலைமையாசிரியருக்குச் சினந்து ஒரு கடிதம் எழுதுகிறார். தந்தையை விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்த புரசைவாக்கத்துச் சிறுவனுக்காக அன்று யார் கடிதம் எழுதியிருக்க முடியும்? நாவலாசிரியர் தம் சுவாமிக்குப் பாட்டியையும் கொடுத்தார், தந்தையையும் கொடுத்தார். இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். தாம் விடுமுறைக்கு மட்டும் கண்ட வீட்டை அவனுக்கு அன்றாட வீடாக்கினார்.

மற்றொன்றும் உண்டு. நாராயண் பின்னர் மைசூர் சென்று, தம் தந்தையே தலைமையாசிரியராயிருந்த மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். வீட்டுத் தலைவரும் பள்ளித் தலைவரும் ஒருவரே! நாவலில் அவர் இந்த இருவரையும் பிரித்துவிடுகிறார். சுவாமியின் தந்தை வழக்கறிஞர். கண்டிப்பானவர், ஆனால் மகன் காணாமற்போனால் இரவெல்லாம் தேடி அலைபவர். தலைமையாசிரியரோ கையில் பிரம்போடு மட்டும் தோன்றுபவர். ஒருவரில் கண்ட இரு முகங்களை இரண்டு ஆட்களாக்கியது, மகனாகவும் மாணவனாகவும் ஒருங்கே இருந்தவன் கண்ட வழி போலும்.

சுவாமியின் பள்ளி வாழ்வு ஓட்டங்களால் ஆனது. 1930 ஆகஸ்டில் சரயு நதிக்கரைக் கூட்டத்தில் சுதேசி உணர்ச்சி பொங்கித் தொப்பியை நெருப்பிலிடுகிறான், மறுநாள் பள்ளியின் கண்ணாடிகளை உடைக்கிறான், ஆல்பர்ட் மிஷனை விட்டு ஓடி போர்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்கிறான், அங்கிருந்தும் ஓடுகிறான். நாராயணும் பன்னிரண்டு வயதளவில் ஓர் ஊர்வலத்தில் நடந்து வீட்டில் கண்டிக்கப்பட்டவர்தாம். அன்று அவர் ஒரு கண்டிப்போடு தப்பினார். சுவாமி இரண்டு பள்ளிகளை இழந்தான்.

நூலின் சிறந்த பக்கங்கள் இவை அல்ல என்றும் சொல்லலாம். இராமனிடம் பத்து மாம்பழம், அவற்றைப் பதினைந்து அணாவுக்கு விற்க ஆசை. கிருஷ்ணனுக்கு நான்கே வேண்டும். அவன் எவ்வளவு தரவேண்டும்? இந்தக் கணக்கைத் தந்தை போட, சுவாமி கேட்பது பழம் பழுத்ததா இல்லையா என்பதை. கணக்கு வாத்தியார் பலரிடம் காது கொடுத்தவர்களே இப்பகுதியைச் சரியாகச் சுவைக்க முடியும். கிரிக்கெட் சங்கம் தொடங்கிய பையன்கள் சென்னையிலுள்ள பின்ஸ் கடைக்கு மட்டையும் பந்தும் கேட்டு எழுதும் கடிதமும், முன்பணம் கேட்டு வரும் மறுமொழி அவர்களுக்கு விளங்காமற்போவதும் அப்படியே. ஆங்கிலம் கற்றும் ஆங்கிலக் கடிதம் புரியாத மாணவர்கள்: அன்றைய கல்வியைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமரிசனம் எந்தக் கல்விக்குழு அறிக்கையிலும் எளிதில் கிட்டாது.

ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்றவர். கிடைத்த ஓராண்டு ஓய்வில் மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகமும் கையுமாகத் திரிந்தார். தந்தையின் பள்ளி நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. 1930இல் பி.ஏ. முடித்தபின் ஆசிரியப் பணிக்குச் சென்னப்பட்டணம் சென்றவர், உடற்பயிற்சி ஆசிரியருக்கு மாற்றாக நிற்கும்படி தலைமையாசிரியர் பணித்ததும் வேலையை உதறினார். மாணவராகப் பள்ளியில் ஒன்றாதவர் ஆசிரியராகவும் ஒன்றவில்லை.

அதே 1930இல், பெங்களூரில் பாட்டி வீட்டிலிருந்தபோது, விஜயதசமி நாளில் நாவலைத் தொடங்கினார். குழந்தைகளைப் பள்ளியில் வைக்கும் நாள் அது! பள்ளியிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பையனின் கதைக்கு அந்த நன்னாளில் பிள்ளையார் சுழி விழுந்தது. பதிப்பாளர் பலர் திருப்பியனுப்பிய கைப்பிரதி ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் பூர்ணாவிடம் போய்ச் சேர்ந்தது. கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடும்படி ஆசிரியரே எழுதிவிட்டார். பூர்ணா எறியவில்லை, கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் 1935இல் வெளியிட்டது. நூலின் தலைப்பும், நாராயணசுவாமி என்ற பெயர் நாராயண் எனச் சுருங்கியதும் கிரீன் யோசனையே. சுவாமி என்ற பாதியை நாவலின் சிறுவன் எடுத்துக்கொண்டான் போலும்.

1937இல் வந்த 'தி பாச்சிலர் ஆப் ஆர்ட்ஸ்' கல்லூரிக்குச் செல்கிறது. அங்கே சந்திரனின் காதலும் துறவுக்கோலமும் முன்னிற்க, வகுப்பறை பின்னணியாகிவிடுகிறது. பள்ளி மீண்டும் உயிர்பெறுவது 1945இன் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில். மனைவி ராஜம் 1939இல் டைபாய்டு சுரத்தில் மறைந்த துயரிலிருந்து பிறந்த அந்நூலில், கல்லூரி வேலையைத் துறக்கும் கிருஷ்ணன், குழந்தைகளை விளையாடவும் கதை கேட்கவும் விட்டுவிடும் ஒரு சிறு பள்ளிக்குப் போகிறான். பிரம்பில்லாத அந்தப் பள்ளியைக் கற்பனை செய்ய நாராயணுக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. (சுவாமியின் உயிர்த்தோழன் பெயரும் ராஜம்தான். நாராயண் தம் வருங்கால மனைவியைக் கோயம்புத்தூரில் கண்டது 1933இல். நாவல் தொடங்கியதோ அதற்கு முன்பே. தற்செயல்தான்.)

இப்பள்ளிகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மற்றவர்களின் பிள்ளைகள் மால்குடிப் பள்ளியின் வாசலுக்குள் வருவதில்லை. சுவாமியின் காசை ஏமாற்றிப் பறிக்கும் வண்டிக்காரனும், அவனை மிரட்டும் வண்டிக்காரன் மகனும் தெருவிலேயே நின்றுவிடுகிறார்கள், அச்சத்துக்குரியவர்களாகவே காணப்படுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தன் தமிழில் எழுத வந்தபோதுதான் அத்தெருவின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்பட்டது. ஆயினும் நாராயண் தாம் அறியாததை அறிந்ததுபோல் எழுதவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

மாநிலங்களவையின் நியமன உறுப்பினராயிருந்த அவர் 1989இல் அங்கே தம் கன்னிப்பேச்சை நிகழ்த்தினார். எண்பதைக் கடந்த எழுத்தாளர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவார் என்று அவை எதிர்பார்த்திருக்கலாம். அவர் பேசியது பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பையைப் பற்றி: அதன் சுமையால் அவர்களின் முதுகு கூனிப்போவதைப் பற்றி, விளையாடவும் கனவு காணவும் அவர்களுக்கு நேரமில்லாமற்போனதைப் பற்றி. அப்பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992இல் அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1993இல் அது சுமையற்ற கல்வியைப் பற்றிய தன் அறிக்கையை அளித்தது. நாராயண் 2001 மே 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார். ஆவடியிலிருந்து சென்ட்ரல் செல்லும் காலை வண்டிகளில் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்; இடம் கிடைக்காதவர்கள் தோளில் சுமந்து நிற்கிறார்கள்.