நிதி இன்ஃப்ளூயன்சர்கள்: முகவர் முதல் யூடியூப் வரை

சேமிப்பு, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், பங்குச் சந்தை ஆகியவை பற்றிச் சமூக ஊடகங்களில் தொடர்ந்து பேசி, பெருந்திரளான பார்வையாளர்களைப் பெற்றவர்கள் நிதி இன்ஃப்ளூயன்சர்கள் எனப்படுகின்றனர். யூடியூப், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் ஆகியவை இவர்களின் களங்கள். இந்தியாவில் இவர்கள் பெருகியது அண்மைக் காலத்தில்தான். ஆனால் இவர்களைப் பற்றி எழும் முதன்மையான கேள்வி பழையது: அறிவுரை சொல்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

முகவர்களின் காலம்

1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகளுக்கு, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பணம் பற்றி ஆலோசனை சொன்னவர்கள் காப்பீட்டு முகவரும் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவருமே. பெரும்பாலும் அவர் உறவினராகவோ அலுவலக நண்பராகவோ இருப்பார். ஆலோசனைக்குக் கட்டணம் கேட்கமாட்டார். அவருக்கான கமிஷனை நிறுவனம் கொடுத்துவிடும். ஆகவே குடும்பத்துக்கு ஏற்ற திட்டமா, கமிஷன் அதிகம் தரும் திட்டமா என்ற இழுபறி அந்த உறவிலேயே இருந்தது.

மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இதே நிலைதான். முதலீட்டாளர் செலுத்திய தொகையில் ஒரு பகுதி, நுழைவுக் கட்டணம் என்ற பெயரில் முதலிலேயே கழிக்கப்பட்டது. பங்குச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2009 ஆகஸ்டு முதல் இக்கட்டணத்தை நீக்கியது. 2013 ஜனவரியில் முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் அறிமுகமாயின. அதே மாதத்தில் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளும் வெளியாயின. கட்டணம் பெற்று ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

தமிழில் இதற்கு முன்பே அச்சு ஊடகம் வழி திறந்திருந்தது. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' நூல் வரிசையும் 'நாணயம் விகடன்' போன்ற இதழ்களும், ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கங்களுக்குள் அடங்கியிருந்த செய்திகளைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தன.

கைப்பேசியின் காலம்

2016-இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. 2020-இன் ஊரடங்கில் வீட்டிலிருந்த இளைஞர்கள் பலர் கைப்பேசியிலேயே பங்குக் கணக்கு தொடங்கினர். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. ஆனால் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களின் எண்ணிக்கை 2024-இல்கூட ஆயிரத்துக்கும் குறைவாகவே இருந்தது. இந்த இடைவெளியை யூடியூப் நிரப்பியது.

நிரப்பியவர்களில் நல்லாசிரியர்கள் உண்டு. புனேயைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் ரச்சனா ரானடே, நிதிநிலை அறிக்கையைப் படிக்கும் முறையைப் பாடம்போல விளக்கினார். சென்னை ஐஐடி பேராசிரியர் எம். பட்டாபிராமன், ஓய்வுகாலத் திட்டமிடலுக்கான கணக்கீட்டு அட்டவணைகளைத் தம் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டார்.

மறுபுறம் புதிய கமிஷன் வழிகளும் தோன்றின. காணொளிக்குக் கீழுள்ள இணைப்பின் மூலம் கணக்கு தொடங்கினால் தரகு நிறுவனம் பணம் தரும். செயலிகள் விளம்பரத்துக்குப் பணம் தரும். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள பயிற்சி வகுப்புகளும், கட்டணம் செலுத்தினால் மட்டும் சேரக்கூடிய டெலிகிராம் குழுக்களும் விற்பனைக்கு வந்தன. முன்பு வீட்டுக்கு வந்த முகவர் யாருக்காக விற்கிறார் என்பதாவது தெரிந்திருந்தது. இங்கே அதுவும் தெரியவில்லை.

2023-இன் நடவடிக்கைகள்

2023-இல் செபியின் பார்வை இவர்கள் மீது திரும்பியது. யூடியூப் காணொளிகளில் பொய்ச் செய்திகளைப் பரப்பி, ஒரு பங்கின் விலையை ஏற்றி விற்றது தொடர்பாக மார்ச்சில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பதிவு இல்லாமல் ஆலோசனை வழங்கியதாக எழுந்த வழக்கை, சென்னையின் ஆப்ஷன் வணிகர் பி.ஆர். சுந்தர் மே மாதத்தில் சமரசமாக முடித்துக்கொண்டார். குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் முடிந்த அந்தச் சமரசத்தின்படி, பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் ஓராண்டு சந்தையிலிருந்து விலகியிருக்கவும் அவர் ஒப்புக்கொண்டார்.

அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கிய நசிருதீன் அன்சாரி மீதான இடைக்கால உத்தரவு வெளியானது. பயிற்சி என்ற பெயரில் பங்குப் பரிந்துரை செய்து வசூலித்ததாகக் கூறி, சுமார் 17 கோடி ரூபாயை ஒப்படைக்கச் சொன்னது செபி. பெரும் லாபம் ஈட்டலாம் என்று பிறருக்கு ஆசை காட்டியவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தம் சொந்த வணிகத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல் நட்டமடைந்திருந்தார் என்றும் அந்த உத்தரவு குறிப்பிட்டது. அவருக்கு வருமானம் வந்தது சந்தையிலிருந்து அல்ல, மாணவர்களிடமிருந்து.

மாணவர்களின் நிலையை 2024 செப்டம்பரில் வெளியான செபியின் ஆய்விலிருந்து ஊகிக்கலாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ் மற்றும் ஆப்ஷன்ஸ் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

பதிவில்லாமல் பரிந்துரை செய்பவர்களுடன் தரகு நிறுவனங்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் தொடர்பு வைத்துக்கொள்ள 2024 ஆகஸ்டில் தடை வந்தது. கல்வி மட்டுமே அளிப்பதாகச் சொல்பவர்கள், கடைசி மூன்று மாத விலைத் தரவுகளைப் பயன்படுத்திக் குறிப்பிட்ட பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வெளியானது.

யாரைப் பின்தொடர்வது?

ஒருவரைப் பின்தொடர்வோர் எத்தனை லட்சம் என்பது அவரது தகுதியைக் காட்டாது என்பதே இந்த வரலாறு தரும் பாடம். குறிப்பிட்ட பங்கை வாங்கவோ விற்கவோ சொல்பவருக்குச் செபியின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைச் செபியின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். விளம்பரத்துக்குப் பணம் பெற்றிருந்தால் அவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லாபக் கணக்கின் படத்தைக் காட்டுபவரைவிட, அவசரகால நிதி, டேர்ம் காப்பீடு, கடன் வட்டி ஆகியவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டுபவரிடம் கற்றுக்கொள்ள அதிகம் உண்டு. நல்ல ஆசிரியரின் மாணவர், சில மாதங்களில் அவர் இல்லாமலே தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வார். அடுத்த பரிந்துரைக்காகக் காத்திருக்க வைப்பவர் ஆசிரியர் அல்லர், விற்பனையாளர்.