ஒளியில்லா உலகின் ஒளிப்படங்கள்: செகண்ட் லைஃப் கடைத்தெருவில் பொருளும் படமும்

கணினிக்குள் மட்டுமே இருக்கும் ஒரு பொருளை நிசப் பணத்துக்கு விற்கும் வழக்கம் 1990களின் இறுதியிலேயே வேரூன்றிவிட்டது. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன், 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆகிய விளையாட்டுகளின் வாள்களும் கவசங்களும் ஈபே ஏலத்தில் கைமாறின. பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, எவர்குவெஸ்டின் நோராத் உலகை ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அளப்பதுபோலவே அளந்து காட்டியது. அதன்பின் எழுந்த விவாதங்களில் விலை, நாணயம், உழைப்பு நேரம் ஆகியவை முன்னிடம் பெற்றன. விற்பனைக்கு வைத்த பொருளின் படத்தை யார், எப்படி எடுத்தார், அதை வாங்குவோர் ஏன் நம்பினர் என்ற கேள்விகள் ஓரமாகவே நின்றன.

அதற்குக் காரணம் உண்டு. எவர்குவெஸ்டின் வாளை உருவாக்கியது நிறுவனம். ஒரே பெயர் கொண்ட இரு வாள்களுக்கிடையே எவ்வித வேறுபாடும் இல்லை. பெயரைக் குறிப்பிட்டாலே வாங்குபவருக்கு அதன் வடிவமும் வலிமையும் விளங்கிவிடும்; படம் வெறும் துணையே. விற்பனைப் படத்துக்கு உண்மையான தேவை எழ வேண்டுமானால், செய்வோர் பலராக இருக்க வேண்டும். ஒருவர் செய்தது மற்றவர் செய்ததைப்போல் இருக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்த செகண்ட் லைஃப் உலகில் இந்நிலை முழு அளவில் உருவானது.

அவ்வுலகில் நிறுவனம் நிலத்தையும் கருவிகளையும் மட்டுமே தந்தது. வீடு, நாற்காலி, பாவாடை, தலைமுடி, நடை, முகம் அனைத்தையும் பயனர்களே செய்தனர். 2003 நவம்பரில் லிண்டன் லேப் ஒரு முக்கிய அறிவிப்பை வெளியிட்டது. பயனர்கள் செய்தவற்றின் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கே உரியது என்பதே அது. அக்காலத்துப் பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்கள் தம் உலகில் உருவாகும் அனைத்தையும் தமக்கே உரியதாகக் கொண்டிருந்தன. செய்தவர் தம் பொருளுக்கு உரிமையாளர் ஆனதும், அதை விற்பதும் அதற்குப் பெயர் தேடுவதும் அவர் பொறுப்பாயின. லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றும் வசதியும் இருந்ததால், கடை வைப்பது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிப் பலருக்கு வருவாய் வழியாயிற்று.

இக்கடைகளுக்குள் நுழைந்தவர் கண்டது பொருள்களை விடப் படங்களையே. சுவர் முழுதும் சதுரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆடையின் அல்லது முடியலங்காரத்தின் படம். படத்தின்மேல் சொடுக்கிப் பணம் செலுத்தினால் பொருள் வாங்குபவரின் உடைமைப் பட்டியலில் சேரும். நினைத்த நொடியில் பொருளையே வரவழைக்கக்கூடிய ஓர் உலகில், பொருளை வைக்காமல் படத்தை ஏன் மாட்டினார்கள்?

விடை நிலக் கணக்கில் இருக்கிறது. செகண்ட் லைஃபில் பொருள்கள் 'ப்ரிம்' எனப்படும் அடிப்படை வடிவங்களால் கட்டப்பட்டன. ஒவ்வொரு நிலத்துக்கும் ப்ரிம்களின் உச்சவரம்பு உண்டு. அக்காலக் கணக்குப்படி முழு வட்டாரம் ஒன்றில் 15,000 ப்ரிம்கள். 512 சதுர மீட்டர் மனையில் 117. நுணுக்கமாகச் செய்த தலைமுடி ஒன்றே நூறு ப்ரிம்களைத் தொட்டுவிடக்கூடியது. அதை அப்படியே காட்சிக்கு வைத்தால் சிறு வணிகரின் மனை அத்துடன் நிரம்பிவிடும். படம் ஒட்டிய பலகைக்கோ ஒரு ப்ரிம் போதும். மேலும், சட்டையும் தோலும் தனி வடிவங்களாகவே இருக்கவில்லை. அவை அவதாரத்தின் உடல்மீது போர்த்தப்படும் டெக்ஸ்சர் எனும் மேற்பரப்புப் படங்கள். உடுத்திய உடலின்மேல் தவிர வேறெங்கும் அவற்றைக் காண இயலாது. ஆகவே, யாரேனும் உடுத்திக் காட்டியாக வேண்டும். அதைப் படமாக்கியாக வேண்டும். விற்பனைப் படம் அழகுணர்ச்சியால் மட்டும் பிறக்கவில்லை. பற்றாக்குறையே அதன் தாய்.

படம் எடுக்கும் முறையும் இத்தகைய கட்டுப்பாடுகளால் வடிவம் பெற்றது. அவதாரங்கள் இயல்பாகவே சும்மா நிற்பதில்லை. தலையைத் திருப்பும், எடையைக் கால் மாற்றும். அதனால் உடலை ஒரே நிலையில் உறையவைக்கும் 'போஸ் ஸ்டாண்டு' ஸ்டுடியோவின் முதல் தேவையாயிற்று. பின்னால் வெள்ளை அல்லது பச்சைத் திரை. வானில் சூரியனை நண்பகலில் நிறுத்திவைக்கும் கட்டளை. முகத்தருகே ஒளி உமிழும் சிறு வடிவங்கள். அக்கால வரைகலை அமைப்பில் சூரியன், நிலவு நீங்கலாக ஒரே சமயத்தில் ஆறு விளக்குகள் மட்டுமே காட்சியில் பயன்பட்டன. எந்த ஆறு, எங்கு என்பதை அறிந்தவரே கைதேர்ந்தவர். படக்கருவிக்கு உடலோ எடையோ இல்லை. பார்வைக் கோணம் அவதாரத்தின் கண்ணை விட்டு விலகி எங்கும் செல்லும். எடுத்த படத்தை ஃபோட்டோஷாப் அல்லது கிம்ப் மென்பொருளில் வெட்டி, பொருளின் பெயரையும் அனுமதிகளையும் எழுதி, மீண்டும் உலகுக்குள் ஏற்ற வேண்டும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் 10 லிண்டன் டாலர் கட்டணம். படங்கள் ஜேபெக் 2000 வடிவில் படிப்படியாக இறங்கியதால், வாடிக்கையாளர் முன் சுவர் முதலில் சாம்பல் நிற மங்கலாகத் தோன்றிப் பிறகே தெளியும். பெரிய படம் வைத்தவரின் கடை தெளிவதற்குள் பொறுமை இழந்தவர் அடுத்த கடைக்குப் பறந்துவிடுவார். நேர்த்திக்கும் வேகத்துக்கும் இடையே ஓர் அளவைக் கண்டறிவது வணிக அறிவாயிற்று.

2007 மே மாதத்தில் லிண்டன் லேப் விண்ட்லைட் எனும் வளிமண்டல ஒளித் தொழில்நுட்பத்தைக் கையகப்படுத்தி, அதைத் தன் மென்பொருளில் இணைத்தது. வானின் நிறம், மூடுபனி, சூரியனின் கோணம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம் திரையில் மாற்றிக்கொள்ள முடிந்தது. முகத்தைப் படமாக்க ஏற்ற ஒளி அமைப்புகளைப் பயனர்கள் தாமே உருவாக்கி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். ஸ்டுடியோவுக்குரிய கைத்தொழில் அறிவு இவ்வாறே ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாக வளர்ந்தது.

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உள்ளது. நிழல்கள் இயல்பாக விழும் வசதி வருவதற்கு முன், ஆடை செய்தவர்கள் மடிப்புகளின் நிழலையும் துணியின் மினுக்கையும் டெக்ஸ்சரிலேயே தீட்டிவிட்டனர். சிலர் உண்மைத் துணியின், உண்மைத் தோலின் ஒளிப்படங்களையே மூலமாகக் கொண்டு டெக்ஸ்சர் செய்தனர். அதாவது, எங்கோ ஓர் அறையில் மெய்யான ஒளி பட்டு உருவான படம், மெய்நிகர் ஆடையாகி, அவ்வாடை மீண்டும் படமாகி, அப்படம் கடையில் தொங்கியது. ஒளி என்பதே வெறும் கணக்கீடாக உள்ள உலகில், பொருளுக்குள் பழைய ஒளி ஒன்று உறைந்திருந்தது.

இப்படங்களை வாங்குவோர் எதன் பேரில் நம்பினர் என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி. செகண்ட் லைஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் நகலெடுத்தல், மாற்றியமைத்தல், பிறருக்குக் கைமாற்றுதல் என மூவகை அனுமதிகள் இருந்தன. நகலெடுக்கலாம், ஆனால் கைமாற்றக் கூடாது என்ற அனுமதியுடன் விற்ற பொருளை, வாங்கியவர் விரும்பினாலும் திருப்பித் தர இயலாது. கைமாற்றம் என்ற செயலே அதற்கு அடைக்கப்பட்டிருக்கும். எனவே படத்தைக் கண்டு ஏமாந்தவருக்கு மீட்சி அரிது. கணினியில் மெருகேற்றிய படத்தில் வழவழப்பாகத் தெரிந்த தோல், அணிந்து பார்த்தால் கழுத்தில் தையல் தெரியும். படத்தில் தோளில் படிந்த முடி, நடக்கும்போது தோளைத் துளைக்கும். கண்ணால் காண்பதும் பொய் என்ற பழமொழிக்கு இதனினும் பொருத்தமான கடைத்தெரு அமைவது கடினம்.

இக்குறையை நீக்க நிறுவனம் சட்டம் இயற்றவில்லை. வணிகரும் வாங்குவோருமே வழக்காறுகளை வகுத்துக்கொண்டனர். குறுக்கே 'டெமோ' என்று எழுதிய மாதிரியை இலவசமாகவோ ஒரு லிண்டன் டாலருக்கோ தருவது ஒன்று. படம் மெருகேற்றப்படாதது என்று வெளிப்படையாக அறிவிப்பது இன்னொன்று. புதிய ஆடைகளை அணிந்து, வேறு ஒளியில், வேறு உடலில் படமெடுத்து வெளியிட்ட வலைப்பதிவர்கள் மூன்றாம் தரப்புச் சாட்சிகள் ஆயினர். அவர்களுக்குப் பொருளை இலவசமாகத் தந்து விமரிசனம் பெறும் பழக்கம் பரவியபோது, சாட்சியின் நடுநிலை குறித்த பழைய ஐயமும் உடன் வந்தது.

2006 நவம்பரில் வந்த நெருக்கடி இந்நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தது. காப்பிபாட் எனும் நிரல், பிறர் செய்த பொருளை அனுமதியின்றி அப்படியே நகலெடுத்துத் தந்தது. கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடைகளை அடைத்தனர். திரையில் காட்டுவதற்காகப் பயனரின் கணினிக்கு அனுப்பப்படும் எதையும் நகலெடுப்பதைத் தொழில்நுட்பத்தால் முற்றிலும் தடுக்க இயலாது என்பது லிண்டன் லேப் தந்த விளக்கம். அத்தகைய பயன்பாட்டை விதிமீறல் என அறிவித்த நிறுவனம், பாதிக்கப்பட்டோர் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியில் செல்லலாம் என்றது. காட்டினால்தான் விற்க முடியும். காட்டினால் திருடவும் முடியும். பொருளே படத்தால் ஆனது என்பதால் இந்த முரண் பிற வணிகங்களைவிட இங்கு கூர்மையாக வெளிப்பட்டது. கடைச்சுவரின் படம் இப்போது விளம்பரத்துடன் உரிமைக்கான அடையாளமாகவும் மாறியது.

இதே ஆண்டுகளில் விற்பனை உலகுக்குள்ளிருந்து இணையத்துக்கும் நகர்ந்தது. பயனர்கள் நடத்திய இணையச் சந்தைகளில் எக்ஸ்ஸ்ட்ரீட், ஆன்ரெஸ் ஆகிய இரண்டையும் லிண்டன் லேப் 2009 ஜனவரியில் வாங்கியது. 2010இல் செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸ் தொடங்கியது. கடைக்கு நடந்து செல்லாமலே வாங்க முடிந்ததால் படத்தின் சுமை மேலும் கூடியது. அதே 2010இல் வெளியான கொள்கை ஒன்று, நில உரிமையாளர் தம் நிலவிதிகளில் தடுத்திராத வரை எவரும் திரைப்பிடிப்புப் படம் எடுக்கலாம் என வரையறுத்தது. படமெடுப்பது ஓர் உரிமைப் பொருளாகியது.

வெளியுலகம் இதை ஒளிப்படமாக ஏற்கத் தயங்கியது. ஃபிளிக்கர் தளம் தன்னை ஒளிப்படங்களுக்கான இடமாகக் கருதியதால், 2006-07 காலத்தில் திரைப்பிடிப்புகள் நிறைந்த கணக்குகள் பொதுத் தேடலில் தோன்றாமல் போயின. செகண்ட் லைஃப் பயனர்கள் அதை எதிர்த்தனர். 2022இல் அதே தளம் 'மெய்நிகர் ஒளிப்படக்கலை' என்றொரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் மாறியது தளத்தின் வகைப்பாடு. படமெடுத்தோர் செய்துவந்த வேலை முன்பும் அதுவே.

அதற்குள் உலகினுள்ளேயே எல்லைக்கோடு வேறிடத்தில் விழுந்துவிட்டது. 2011இல் மெஷ் எனும் முப்பரிமாண வடிவங்களை வெளியிலிருந்து ஏற்ற வழி பிறந்தது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் பொருளைச் செய்தவர், அங்கேயே பல மடங்கு நேர்த்தியான ஒளியில் அதன் படத்தையும் உருவாக்கிவிடலாம். அப்படம் காட்டிய பளபளப்பு, வாங்கியவர் திரையில் தோன்றவில்லை. 'உலகுக்குள் எடுத்த படமா, வெளியில் உருவாக்கியதா' என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கினர். இரண்டுமே கணினி வரைந்த உருவங்கள். இரண்டிலும் வில்லையும் இல்லை, மெய்யான ஒளியும் இல்லை. ஆயினும் ஒன்றைச் சான்றாகவும் மற்றதை வாக்குறுதியாகவும் அவர்கள் பிரித்தறிந்தனர்.

ஒளிப்படக் கோட்பாடு நெடுங்காலமாகப் படத்தின் உண்மைத்தன்மையை ஒளியின் தடத்தில் தேடிவந்தது. செகண்ட் லைஃப் கடைத்தெருவின் அனுபவம் அதற்கு ஒரு திருத்தத்தை முன்வைக்கிறது. எடுத்தவர், தாம் காட்டும் இடத்தில், காட்டும் நிலையில் அப்பொருள் இருந்தது என்று பொறுப்பேற்பதும், பார்ப்பவர் அப்பொறுப்பைக் கேட்டுப்பெறும் உரிமை உடையவராய் இருப்பதுமே ஒளிப்படத்தை ஒளிப்படம் ஆக்குகின்றன. ஒளி அப்பொறுப்புக்கு நெடுநாள் துணைநின்ற ஒரு சாதனம்.

வரலாற்றாய்வாளருக்கு இதில் அவசரமான செய்தியும் உண்டு. செகண்ட் லைஃபின் சமகாலப் போட்டியாளராக 2003இல் தொடங்கிய தேர் எனும் உலகம் 2010 மார்ச்சில் மூடப்பட்டது. பின்னர் மீண்டும் திறந்தது. உலகம் மூடும்போது கடையும் பொருளும் ஒருசேர மறைகின்றன. இயங்கும் உலகிலும் நிலவாடகை கட்டாத கடை சுவடின்றி நீங்குகிறது. எஞ்சுவது விற்பனைப் படம் மட்டுமே. அதுவும் நிலையானதன்று: 2018 நவம்பரில் ஃபிளிக்கர் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என வரம்பிட்டு, மிகுதியானவை நீக்கப்படும் என அறிவித்தது. ஒரு தலைமுறைக் கைவினைஞர்களின் உழைப்புக்கு எஞ்சிய ஆவணம், விற்றுத் தீர்ந்த பொருளின் விளம்பரமாகக் கருதப்பட்டு அழிந்துகொண்டிருக்கிறது. பழைய வணிகரின் கணக்கேடுகளையும் விலைப்பட்டியல்களையும் காகிதக் குப்பையாகக் கருதாமல் ஆவணக் காப்பகங்களில் சேர்த்ததால்தான் பொருளாதார வரலாறு எழுத முடிந்தது. இப்படங்களுக்கும் அந்த இடம் உரியது.