பின்னால் எத்தனை பல், சார்?



பிரான்ஸில் கிரனோபில் நகரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் குரல்பதிவு அனுப்பியிருந்தான். கியர் மாற்றும் வசதி இல்லாத மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறானாம். "சார், முன்னால 32 பல். சுத்தி மலைதான். பின்னால எத்தனை பல் போடட்டும்?" கணக்கு வாத்தியாரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சின்னதுதான். முன்னால் 32, பின்னால் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் இரண்டு சுற்று. பின்னால் 20 என்றால் 1.6 சுற்று. மேட்டில் கால் பிழைக்கும். சமதளத்தில் பம்பரமாய்ச் சுழற்றினாலும் வண்டி மெதுவாகத்தான் போகும். நான் பள்ளிக்கூடம் போன சைக்கிளில் 44-க்கு 18, அதாவது ஏறக்குறைய இரண்டரை. சமதளத்துக்கு அருமை, மேம்பாலத்துக்கு எமன்.

இதே தலைவலி டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்கும் இருந்தது. 1903-இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜ் ஒரு பத்திரிகை ஆசிரியர். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவரும்கூட. கியர் மாற்றும் கருவியை அவர் தம் வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. கருவி இல்லாமல் இல்லை. சேந்த்-எத்தியேன் நகரில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி, மலைக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1902-இல் நடந்த ஒரு மலைப் பாதைச் சோதனையில் மூன்று கியர் சைக்கிளில் வந்த மார்த் எஸ் என்ற பெண், ஒரே கியரில் வந்த சாம்பியன் ஒருவரை முந்தினார். அதற்கு தெகிரான்ஜ் எழுதிய பதிலின் சாரம்: கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு, இளைஞன் தசையால் ஜெயிக்கட்டும். (45-ஐ நான் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கு அனுமதி உண்டு போல.)

அதனால் வீரர்கள் செய்தது இதுதான்: பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம். மலையடிவாரத்தில் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, செயினை மாட்டி ஏற வேண்டும். உச்சியில் மறுபடி அதே வேலை. எங்கே இறங்கித் திருப்புவது என்பதே ஒரு பெரிய தந்திரம். சீக்கிரம் திருப்பினால் சமதளத்தில் நேரம் போகும். தாமதித்தால் முழங்கால் போகும்.

1910-இல் முதன்முறையாகப் பிரனீஸின் பெரிய மலைகள் பாதையில் சேர்ந்தன. லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர், ஒரே நாளில். நடுவே 2115 மீட்டர் உயரத் தூர்மலே. ஒக்தாவ் லபீஸ் அதில் பாதி ஓட்டி, பாதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, முதலாவதாக உச்சிக்கு வந்தார். அடுத்து வந்த குஸ்தாவ் கரிகூ ஒருமுறைகூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை. இறங்காமல் ஏறியதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு. அன்றைய கட்டத்தையும் அந்த ஆண்டுப் பந்தயத்தையும் வென்றது தள்ளிக்கொண்டு வந்த லபீஸ்தான். வழியில் அதிகாரிகளைப் பார்த்து "கொலைகாரர்களே" என்று அவர் கத்தியது இன்றும் பேசப்படுகிறது. 1917-இல் போர் விமானியாக இறந்தார்.

அடுத்த ஆண்டு ஆல்ப்ஸில் கலிபியே மலை. ஷமோனியிலிருந்து 366 கிலோமீட்டர் ஓட்டி அவர்கள் வந்து சேர்ந்தது, தம்பி, நீ இருக்கும் அதே கிரனோபிலுக்குத்தான்! எமில் ஜோர்ஜே முதலில் ஏறினார். நடக்காமல் ஏறியவர்கள் அவரோடு சேர்த்து மூன்றே பேர்.

பந்தயப் பொறுப்பு வேறு கைக்கு மாறிய பின், 1937-இல்தான் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே மாணவன் ஒன்பதாம் வகுப்பில் ரயில்வே மேம்பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இந்த வயசுல இறங்கித் தள்ளுறியேடா" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். பின் கேரியரில் அவன் தங்கை, ஹேண்டில்பாரில் இரண்டு புத்தகப் பை. அவனுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. தெகிரான்ஜைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மேம்பாலம்தான் கண்முன் வருகிறது.

ஆகவே தம்பி, 20 போட்டு ஆரம்பி. ஒரு மாதம் ஓட்டியும் கால் சும்மா சுழல்கிறது என்று தோன்றினால் 18-க்கு மாறு. பல் மாற்றும்போது செயின் நீளத்தையும் பார்த்துக்கொள். கலிபியே உச்சிக்குச் சற்றுக் கீழே, தெற்குப் பக்கம், தெகிரான்ஜுக்கு ஒரு கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதுவரை தள்ளிக்கொண்டே போனாலும் சரி, சைக்கிளை அதன்மேல் சாய்த்துவைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.