குதிரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது 1867-ல்

நியூயார்க் நகரத்தில் அடிபட்ட குதிரைகளை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் வண்டி வந்த வருடம் 1867. அதே ஊரில் பெல்வ்யூ மருத்துவமனை அடிபட்ட மனிதர்களுக்காக ஆம்புலன்ஸ் விட்டது 1869-ல். நம்புங்கள், குதிரைக்குத்தான் முதலில்!

இது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு ஜோடி வருடங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1866, குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் 1874. இங்கிலாந்தில் மிருகங்களுக்கு 1824, லண்டன் குழந்தைகளுக்கு 1884. அறுபது வருட இடைவெளி! அப்படியானால் அந்தக் காலத்து மனிதர்களுக்குக் குழந்தையைவிட மாடும் குதிரையும் நாயும்தான் பெரிதாகத் தெரிந்ததா? "தெரு நாய்க்கு அழுகிறவன் தெருவில் கிடக்கிற மனுஷனுக்கு அழுவானா?" என்று இன்றும் டீக்கடையில் கேட்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

இதற்கெல்லாம் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது மேரி எல்லன் வில்சன் என்ற சிறுமியின் கதை. பிறந்தது 1864-ல். அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். வேலைக்குப் போன அம்மா, குழந்தையை வேறொரு பெண்ணிடம் காசு கொடுத்து வளர்க்க விட்டிருந்தார். ஒரு கட்டத்தில் பணம் கட்ட முடியவில்லை. குழந்தை நகரத்து தர்ம இலாகாவுக்குப் போனது. அங்கிருந்து 1866-ல் ஒரு தம்பதி அவளை எடுத்துக்கொண்டார்கள். முறையான தத்து எல்லாம் இல்லை, ஒப்பந்தப் பத்திரம்தான். வருடத்துக்கு ஒருமுறை குழந்தை எப்படி இருக்கிறாள் என்று இலாகாவுக்குத் தகவல் சொன்னால் போதும். அதையும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. (பொருளை டெலிவரி கொடுத்துவிட்டு லெட்ஜரை மூடிவிட்டார்கள் என்று எங்கள் பாஷையில் சொல்லலாம்.)

அந்தக் கணவர் இறந்தபின் அந்தப் பெண் மறுமணம் செய்து மேரி கானலி ஆனாள். 1873 கடைசியில், ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் போய் உதவி செய்துவந்த எட்டா வீலர் என்ற பெண்மணிக்கு, பக்கத்துப் போர்ஷனில் ஒரு குழந்தை தினமும் அடிவாங்கி அழுகிறாள் என்று தகவல் வருகிறது. ஏதோ ஒரு சாக்கு சொல்லி அந்த வீட்டுக்குள் போகிறார். டிசம்பர் குளிர். செருப்பில்லாத காலோடு, கிழிந்த துணியோடு, ஒரு சின்னப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். பார்த்தால் ஐந்து வயதுதான் மதிக்கலாம், உண்மையில் ஒன்பது. மேசை மேல் தோல்வாரில் முறுக்கிய சாட்டை. கையிலும் காலிலும் தழும்புகள்.

வீலர் மாதக்கணக்கில் அலைந்தார். போலீஸ் சாட்சி கேட்டது. தர்ம ஸ்தாபனங்கள், சட்டப்படி கொண்டுவந்து ஒப்படைத்தால் வைத்துக்கொள்கிறோம் என்றன. சட்டப்படி கொண்டுவருவது யார்? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வீலரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஹென்றி பெர்க்கிடம் போய்க் கேளுங்களேன், அவளும் ஒரு குட்டிப் பிராணிதானே என்றாளாம்.

இந்த பெர்க் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கப்பல் கட்டும் பணக்காரரின் மகன். ரஷ்யாவில் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி 1866-ல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பித்தார். துடுப்பில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து ஆமைகளைக் கப்பலில் கொண்டுவந்த கேப்டன் மேல் வழக்குப் போட்டு, ஆமை மிருகமே இல்லை என்று கோர்ட்டில் தோற்ற மனிதர் :-) 1872-ல் குதிரைகளுக்குக் காய்ச்சல் பரவியபோது நடுரோட்டில் நின்று நோயாளிக் குதிரைகள் இழுத்த டிராம்களை நிறுத்தியவர். பத்திரிகைகள் அவரைக் கேலிச்சித்திரமாகப் போட்டுத் தள்ளின.

1874 ஏப்ரலில் பெர்க்கும் அவருடைய வக்கீல் எல்பிரிட்ஜ் கெரியும் அந்தக் குழந்தையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோல் கீறிய காயம். தன் வயது தெரியாது, கிட்டத்தட்ட தினமும் அடி, யாரும் முத்தமிட்டதாக நினைவே இல்லை என்று அவள் சொன்னது பதிவாகியிருக்கிறது. கானலிக்கு ஒரு வருடம் கடுங்காவல்.

இனிமேல்தான் விஷயம். "குழந்தையைக் காப்பாற்றச் சட்டமே இல்லாததால், குழந்தையும் ஒரு விலங்கு என்று வாதாடி மிருகவதைச் சட்டத்தில் காப்பாற்றினார்கள்" என்று இந்தக் கதையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது உண்மையில்லை. கெரி பயன்படுத்தியது ஆட்கொணர்வு மனுச் சட்டம், நம் ஊரில் ஹேபியஸ் கார்ப்பஸ் என்கிறோமே அதே சங்கதி. பெர்க்கும், தான் சங்கத் தலைவராக வரவில்லை, ஒரு சாதாரண மனிதனாக வந்தேன் என்று தெளிவாகச் சொன்னார். கானலி தண்டிக்கப்பட்டதும் சாதாரண தாக்குதல் குற்றத்துக்குத்தான். அதாவது, குழந்தையை அடித்து நொறுக்குவது 1874-க்கு முன்பும் குற்றமே.

என்னைக் கேட்டால் உண்மைக் கதை கட்டுக்கதையைவிடப் பயங்கரமானது. சட்டம் இருந்தது. போய்க் கதவைத் தட்ட ஆள் இல்லை. குதிரைக்கு ஆபீஸ் இருந்தது, பேட்ஜ் போட்டுக் கைது செய்யும் ஏஜெண்ட் இருந்தான், சம்பளம் கொடுக்க நன்கொடை இருந்தது, வக்கீல் இருந்தார். மனுநீதிச் சோழன் கதையில் பசு வந்து இழுத்ததே, அந்த ஆராய்ச்சி மணி மாதிரி. மேரி எல்லனுக்கு இழுக்க மணி இல்லை. அதனால்தான் வீலர் பசுவின் மணியை இழுத்தார்.

சரி, அந்த மணியை ஏன் முதலில் குதிரைக்குக் கட்டினார்கள்? பணம் கொடுத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, குதிரை அடிவாங்குவது நடுத்தெருவில், குழந்தை அடிவாங்குவது மூடிய கதவுக்குள். பிள்ளையை அடிப்பது வீட்டுக்காரரின் உரிமை, வெளியாள் தலையிட்டால் குடும்ப அமைப்பே குலைந்துவிடும் என்ற பயம் அப்போது பலமாக இருந்தது. இரண்டாவது, குதிரை மேல் பழி சொல்ல முடியாது. ஏழை வீட்டு விவகாரம் என்றால் உடனே "குடித்திருப்பான், சோம்பேறியாக இருப்பான்" என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். இவன் உதவிக்குத் தகுதியானவனா என்ற கேள்வியை நாயிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த இரண்டாவது காரணத்துக்கு நம் காலத்து ஆய்வு ஒன்று பக்கபலமாக இருக்கிறது. ஆர்னால்ட் ஆர்லூக் என்ற சமூகவியலாளரும் இன்னும் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 256 பேரிடம் ஒரு பொய்ச் செய்தியைக் கொடுத்தார்கள் (2017-ல் கட்டுரையாக வந்தது). யாரோ ஒருவன் பேஸ்பால் மட்டையால் அடித்துக் காலை முறித்துவிட்டான். செய்தி ஒன்றுதான், அடிபட்டது மட்டும் மாறும்: கைக்குழந்தை, வளர்ந்த மனிதர், நாய்க்குட்டி, வளர்ந்த நாய். கடைசி இடம் யாருக்கு? வளர்ந்த மனிதருக்கு! குழந்தையும் குட்டியும் கிட்டத்தட்ட சமம். ஆக, இது மனிதனா மிருகமா என்ற போட்டியே இல்லை. பாவம், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதது என்று தோன்றுவதற்குத்தான் மனம் இளகுகிறது.

2013-ல் வந்த இன்னொரு ஆய்வில் பஸ் மோதப் போகிறது, உங்கள் நாயையா, ஒரு வெளிநாட்டுப் பயணியையா, யாரைக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். நாற்பது சதவீதம் பேர் நாய் என்றார்கள். சொந்த அண்ணன் தம்பி என்றால் நாய் என்றவர்கள் மிகச் சிலரே. இங்கே வேலை செய்வது பாவம் பார்ப்பது இல்லை, 'என்னுடையது' என்பது.

டீக்கடைக் கேள்விக்கு வருவோம். மிருகத்துக்குக் கொடுக்கும் அன்பு மனிதனுக்குப் போக வேண்டியதைத் தின்றுவிடுகிறதா? நியூயார்க்கில் அப்படி நடக்கவில்லை. மிருகங்களின் வக்கீல் கெரியே குழந்தைகளுக்கும் சங்கம் அமைத்தார். இங்கிலாந்திலும் அப்படித்தான். தாமஸ் ஆக்னியூ என்பவர் நியூயார்க் சங்கத்தைப் பார்த்துவிட்டு லிவர்பூல் திரும்பியிருந்தார். அங்கே நாய்களுக்குக் காப்பகம் கட்டப் பணம் கேட்டு நடந்த ஒரு கூட்டத்தில், அப்படியே குழந்தைகளுக்கும் ஏதாவது செய்யலாமே என்று பேச்சு வந்தது. 1883-ல் சங்கம் பிறந்தது. ஆறே வருடத்தில் 1889 சட்டம் வந்து, மூடிய கதவுக்குள் போலீஸ் நுழைய வழி செய்தது.

இத்தோடு நிறுத்தினால் 'அன்பு பரவும்' என்று சந்தோஷமாக முடித்துவிடலாம். ஆனால் ஜெர்மனி இருக்கிறதே. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே 1933-ல், நவம்பர் 24 அன்று, அந்தக் காலத்துக்கு மிகக் கடுமையான ஒரு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். அந்த அரசு மனிதர்களுக்கு என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1942 மே மாதம் இன்னொரு உத்தரவு: யூதர்கள் நாய், பூனை, பறவை எதுவும் வளர்க்கக் கூடாது. டிரெஸ்டன் நகரில் இருந்த பேராசிரியர் விக்டர் கிளெம்பரரும் மனைவி ஏவாவும் மூஷல் என்ற பூனையைப் பல வருடமாக வளர்த்துவந்தார்கள். வேறு யாரிடமும் கொடுத்துவிடவும் அனுமதி இல்லை. ஏவா அதை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் கொல்ல வேண்டியதாயிற்று. கிளெம்பரர் இதைத் தன் டைரியில் எழுதிவைத்திருக்கிறார்.

விலங்குகளை நேசிப்பதாகச் சொன்ன அரசுக்கு அந்தப் பூனை ஏன் விலங்காகத் தெரியவில்லை? யூத வீட்டுப் பூனை என்பதால். பஸ் கேள்வியில் 'என்னுடையது' என்பது நாயை மனிதனுக்கு மேலே தூக்கியது. இங்கே 'அவனுடையது' என்பது ஒரு பூனையைப் பூனை என்ற இடத்திலிருந்தே இறக்கிவிட்டது.

மேரி எல்லன் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதலில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். வீலருக்கு அது பிடிக்காமல், கிராமத்தில் இருந்த தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டார், பிறகு வீலரின் தங்கை வளர்த்தார். 1888-ல் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்கு எட்டா என்று வீலரின் பெயர். ஒரு அநாதைப் பெண்ணையும் எடுத்து வளர்த்தார். 1956-ல் தனது 92-வது வயதில் காலமானார்.